வெறுங்கால் வேண்டுதல்

எனக்குப் பேச்சு போய்விடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, மூளையும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. பேசக் கூடாது என்று இருக்கிறேன், அவ்வளவுதான். இந்த வீட்டில் அதைப் புரிந்துகொள்ள ஆளில்லை. நான் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதே, "இன்னிக்கு ஒழுங்கா சாப்ட்டாங்களா?" என்று மருமகள் என் தலைக்கு மேலே கேட்கிறாள். மகன் பதில் சொல்கிறான். எனக்குக் காது இருக்கிறது என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. மறதி நோய் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

என் பேர் சவரியம்மாள். முகப்பேரில் ஹவுசிங் போர்டு பிளாட்டில், மூன்றாவது மாடியில், மகன் பாஸ்கலோடு இருக்கிறேன். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மருமகள் சகாயமேரி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் இரண்டு பேரும் கிளம்பும்போது வாசலில் இருக்கிற இரும்பு கிரில்லை வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே நானும் டிவியும். அமெரிக்காவிலிருந்து திரும்பிய நாளிலிருந்து, ஒரு வருஷத்துக்கு மேலாக, இதுதான் என் பிழைப்பு. ஜன்னலில் நின்றால் கீழே தண்ணீர் லாரி நிற்கிற இடம் தெரியும், எதிர் பிளாக்கில் காயப் போட்ட துணி தெரியும். அதற்கு மேல் தெரியாது.

அமெரிக்காவுக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. மகள் தெரசா நியூஜெர்சியில் இருக்கிறாள். பிரசவத்துக்கு வாம்மா என்றாள், தொண்ணூற்றாறு ஜனவரியில் போனேன். அதற்கு முன்னால் நான் போன தூர தேசம் வேளாங்கண்ணிதான். போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே, நாள் ஆவதற்கு முன்பே, பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு குழாய். தோல் அவ்வளவு மெலிசு, உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். தாயே, இதை உயிரோடு வீட்டுக்கு அனுப்பு, காவி கட்டி, வெறுங்காலோடு, வாய் பேசாமல் உன் கோயிலுக்கு நடந்து வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் கடைசியில் பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றம் என்றால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று எல்லா ஊரிலிருந்தும் காவி கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார்கள். சும்மா வேண்டுதல் என்றால் பாட்டுப் பாடிக்கொண்டு போகலாம், வாய் ஓயாமல் வம்பு பேசிக்கொண்டும் போகலாம். உயிருக்காக வேண்டிக்கொண்டால் மட்டும், என் அம்மா வழியில், மௌனம். வாசல் தாண்டியதும் வாயை மூட வேண்டும். மாதா காலைத் தொட்ட பிறகுதான் திறக்க வேண்டும். யாருக்காக வேண்டினோமோ அந்த வீட்டாரிடம் முடிக்கும்வரை சொல்லவும் கூடாது. நானும் சொல்லவில்லை.

தெரசாவும் மாப்பிள்ளை கிறிஸ்துதாசும் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் அந்தப் பெரிய வீட்டில். எத்தனை நேரம்தான் பாத்திரம் கழுவுவது? பனி கரைந்ததும் நடக்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளை வெள்ளை கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். சுங்கடிப் புடவை, அதன் மேல் அவருடைய பழைய கோட்டு, கீழே அந்த ஷூ. கண்ணாடியில் பார்த்து நானே சிரித்துவிட்டேன்.

நான் நடக்காதவள் இல்லை. அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து எஸ்டேட்டுக்கு, திருகாணி பாக்கெட் போடுகிற கம்பெனிக்கு, இளமை முழுக்க நடந்துதான் போனேன். ஆனால் அதெல்லாம் நடையா? கையில் எப்போதும் ஏதாவது தொங்கும். டிபன் கேரியர், ரேஷன் பை, மண்ணெண்ணெய் டின், இல்லாவிட்டால் இடுப்பில் பிள்ளை. நாலடிக்கு ஒருவர் நிறுத்தி, "இன்னா சவரி, எங்க இந்தப் பக்கம்?" என்பார்கள். பதில் சொல்லாவிட்டால் அதற்கு ஒரு கதை கட்டுவார்கள். காரணம் இல்லாமல் ஒரு பொம்பளை ரோட்டில் நடந்தாள் என்று எங்கள் ஊரில் சரித்திரமே கிடையாது.

அங்கே கேட்க ஆளே இல்லை. ரோடு துடைத்து வைத்த மாதிரி கிடக்கும். வீடு வீடாகப் புல்தரை, கார், தபால் பெட்டி. மனுஷ வாடையே இருக்காது. முதல் சில நாள் வெறுங்கையோடு நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு துணிப்பையை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ கடைக்குப் போகிறவள் மாதிரி போவேன். ஒரு நாள் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அன்றைக்குத்தான் கை வீசி நடந்தேன், அறுபத்திரண்டு வயதில். இரண்டு கையும் தன் பாட்டுக்கு முன்னும் பின்னும் போய் வந்தன. இந்தச் சுகத்தை இத்தனை வருஷம் யார் பிடித்து வைத்திருந்தார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வயதான பிறகு நடப்பது வேறு. எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. முட்டி வலித்தால் யார் வீட்டுப் புல் ஓரத்திலாவது நின்றுகொள்வேன். அணில் ஒவ்வொன்றும் பூனைக்குட்டி அளவு இருக்கும், அதைப் பார்ப்பேன். நாய் பிடித்துக்கொண்டு வரும் ஒரு கிழவர் என்னைப் பார்த்தால் கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். அம்பத்தூரில் இப்படி ஒரு ஆம்பளைக்குக் கை தூக்கியிருந்தால் சாயங்காலத்துக்குள் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்திருப்பார். ஒரு தடவை வழி தவறிவிட்டேன். எல்லா வீடும் ஒரே அச்சில் இருந்தால் யாருக்குத்தான் தவறாது? பயமே வரவில்லை. சுற்றிச் சுற்றி வந்து கண்டுபிடித்து, அதைத் தெரசாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். பின்னால் அவள் டாக்டரிடம் சொன்ன முதல் சாட்சி அதுதான்.

அப்படி நடந்து நடந்துதான் ஒரு கோயிலையும் கண்டுபிடித்தேன். செங்கல் கோயில், வாசலில் நீலப் போர்வை போட்ட மாதா. தூரம்தான், ஆனாலும் ஒரு மூச்சில் நடக்கிற தூரம். மே மாதம் பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. பால் குடித்தது, கத்தியது, என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மாதா தன் வேலையை முடித்துவிட்டாள், இனி என் வேலை பாக்கி. பெசன்ட் நகருக்கு எப்போது போய்ச் சேருவேனோ, உயிருக்கு வேண்டியதை நிறுத்தி வைக்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. மாதா எங்கே இருந்தாலும் மாதாதானே என்று நினைத்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

மாதா மாதாதான். ஆனால் ஊர் வேறு ஊர்.

தெரசாவும் பாப்பாவும் தூங்கும்போது, அவள் பீரோவில் கிடந்த காவி நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் இறங்கினேன். பாதி வழியில் ஒரு கார் நின்றது. ஒரு வெள்ளைக்காரி இறங்கி என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், என்னவோ கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன். அவள் காரை என் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் போலீஸ். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். தங்கமான பிள்ளை. குனிந்து நின்று பேர் கேட்டான், வீடு கேட்டான், தோளில் கம்பளி போர்த்தினான். கோயில் கோபுரம் எனக்குத் தெரிகிறது. கை காட்டினேன். அவன் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, சரி சரி என்று தலையாட்டிவிட்டு, காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கே கேள்வி மேல் கேள்வி. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், பிரசிடென்ட் யார். இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் புரியும். எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். வாயைத் திறக்க முடியாதே! தெரசா அலறிக்கொண்டு வந்து, "அம்மா, நான் யாருன்னு சொல்லும்மா" என்று என் கையை உலுக்கினாள். மாதா காலைத் தொடவில்லை, நான் எப்படிப் பேசுவது? டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் போய், மறதி நோயாக இருக்கும் என்றாராம்.

வீட்டுக்கு வந்தும் அவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பெற்ற மனசு, தாங்கவில்லை. பேசிவிட்டேன். வேண்டுதலைச் சொன்னேன், ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பாதி நம்பினாள். மாப்பிள்ளை நம்பவில்லை. அவர் சி.எஸ்.ஐ. சபைக்காரர், அவர் வீட்டில் மாதாவுக்கு வேலை இல்லை. "பேரு கேட்டாக்கூட சொல்லாம இருக்கிறது வேண்டுதலா? இவங்ககிட்ட பாப்பாவை விட்டுட்டு நாம எப்படி வேலைக்குப் போறது?" என்றார். மறுநாளே வாசல் கதவில் ஒரு மணி மாட்டினார். நான் கதவைத் தொட்டால் வீடே அலறும்.

அது போகட்டும். அந்த வாரமே பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஜன்னி கண்டது. கண் சொருகி, கை கால் வெட்டி இழுத்தது. டாக்டர்கள் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? நடுவில் வாயைத் திறந்தவள் நான். பிழைத்தது மாதா புண்ணியம். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், ஊருக்குப் போய் ஒழுங்காக, முழுசாக நடந்து முடிக்க வேண்டும். இன்னொரு முறை வாய் தவறக் கூடாது. ஜூன் மாதம் என்னை அனுப்பி வைத்தார்கள். எனக்கு முன்னால் தெரசாவின் போன் இங்கே வந்துவிட்டது. அம்மாவைத் தனியா வெளியே விடாதே.

பாஸ்கலை நான் முழுக்கத் திட்ட முடியாது. அவன் அப்பா ராயப்பனுக்குக் கடைசிக் காலத்தில் நிஜமாகவே எல்லாம் மறந்துபோயிற்று. ஒரு நாள் செருப்பில்லாமல் வெளியே போனவரை அம்பத்தூர் தண்டவாளத்து ஓரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அடையாளம் காட்டப் போனவன் பாஸ்கல். வெறுங்கால், வாய் பேசவில்லை என்று அக்கா போனில் சொன்னதும் அவனுக்கு அதுதான் கண்ணில் நின்றிருக்கும்.

வந்த வருஷம் கொடியேற்றத்துக்கு நடக்க வேண்டும் என்று கேட்டேன். "நடக்கிறது இன்னாத்துக்கு? ஆட்டோல இட்டுகினு போறேன், கும்பிட்டுட்டு வந்துடலாம்" என்றான். ஆட்டோவில் போவதாக நான் மாதாவிடம் சொல்லவில்லையே. கத்தினேன், அழுதேன். அவன் என்னைக் காட்டிய இங்கத்து டாக்டர் சொன்னாராம், இந்த நோய்க்காரர்கள் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள் என்று. அடுத்தது ஒரு சின்ன வயசு சாமியாரைக் கூட்டி வந்தான். அவர் சிரித்துக்கொண்டே, ஜெபமாலை உருட்டி ஐம்பத்து மூன்று மணி செபம் சொன்னால் போதும், வேண்டுதலை மாற்றித் தருகிறேன் என்றார். வேண்டியது நான், கேட்டது மாதா. நடுவில் இவர் யார் மாற்றித் தருவதற்கு?

இந்த வருஷம் நான் கேட்கவே இல்லை. எதிர் வீட்டு சாமுண்டீஸ்வரியிடம் எங்கள் கிரில் சாவி ஒன்று இருந்தது. தண்ணீர் லாரி வந்தால் எங்கள் குடத்தையும் பிடித்து வைப்பதற்காகச் சகாயமேரி கொடுத்தது. அவள் நூம்பல் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். தீ மிதித்திருக்கிறாள், அலகு குத்தியிருக்கிறாள். கொடியேற்றத்தன்று அவள் குடத்தோடு உள்ளே வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கொயந்த உசுருக்கா வேண்டிகினே?"

"ஆமா."

"அப்பாலிக்கா இன்னா யோசனை? சாமிக்கு ஒத்துகினத நிறுத்தி வெக்கக் கூடாதுக்கா. போ நீ. உன் புள்ள வந்து கேட்டா நான் பேசிக்கிறேன்."

எங்கள் கோயில் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை அவள். அவளுக்குப் புரிந்தது. என் வயிற்றில் பிறந்ததுகளுக்குப் புரியவில்லை. அவளே என் காவிப் புடவைக் கொசுவத்தைச் சரி பண்ணிவிட்டு கிரில்லைத் திறந்தாள்.

திருமங்கலம் தாண்டியதும் காவிக் கூட்டம் தெரிந்தது, ஆவடிப் பக்கத்து ஜனங்கள். சேர்ந்துகொண்டேன். ஒரு பெண் என் பேர் கேட்டாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். "மௌனமா வருது" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், அதோடு விஷயம் முடிந்தது. ரோடு சுட்டது. யாரோ வாட்டர் பாக்கெட் கொடுத்தார்கள். கோயம்பேடு, வடபழனி, அசோக் பில்லர் என்று ஒவ்வொன்றாகக் கடந்தேன். முட்டி கெஞ்சியது. ஆனாலும் நியூஜெர்சியில் வீசினேனே, அந்தக் கை, எங்கள் ஊர் ரோட்டில், இத்தனை பேர் நடுவில் வீசியது. என் காலம் முழுக்க அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

கிண்டிக்குக் கொஞ்சம் முன்னால் பாஸ்கல் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினான். சகாயமேரி பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்து பார்த்திருக்கிறாள். அவன் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"எங்கம்மா போற?"

நான் நடந்தேன். அவன் என் தோளைப் பிடித்தான்.

"என் பேரு இன்னா? சொல்லு. உன் புள்ள பேரு இன்னா? அத்தச் சொல்லு, உட்டுடறேன்."

கூட்டத்தில் ஒருவர் வந்து, "அண்ணாத்தே, மௌனமா வருது அந்தம்மா, உட்ருங்க" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதுங்க. இவங்களுக்கு மறதி நோய். ஊட்ல பூட்டித்தான் வெச்சிகினு கீறோம்."

அவ்வளவுதான். அதுவரை என்னோடு தோள் உரசி நடந்தவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது, ஐயோ பாவம் என்று. அதுதான் எனக்கு வலித்தது. காலில் கொப்புளம் அவ்வளவு வலிக்கவில்லை. ஆட்டோவில் என்னை உட்கார வைத்துவிட்டு, "இன்னொரு தபா தண்டவாளத்துல போய்த் தேட என்னால முடியாதும்மா" என்று அவன் அழுதான். அழுகிற பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்?

அன்றிலிருந்து பேசவில்லை. நடை முடியவில்லை, நான் எப்படிப் பேசுவேன்? சாமுண்டீஸ்வரியிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். அவள் வாசலில் நின்று அவர்களோடு சண்டை போட்டாள். இப்போது இவர்கள் அவளோடும் பேசுவதில்லை. டாக்டர், அடுத்த கட்டம் இது, பேச்சு போகும் என்றார். சகாயமேரி ஒரு சிலேட்டைக் கொண்டுவந்து எழுதச் சொன்னாள். எழுதினாலும் பேச்சுதான். வாய் இருந்தபோது சொன்னதையே கேட்காதவர்கள் எழுதினால் மட்டும் படித்துவிடுவார்களா?

பாஸ்கல் தினமும் வேலையிலிருந்து வந்ததும் என் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவான். "ஒரே ஒரு வார்த்த பேசும்மா. நீ நல்லாத்தான் கீறேன்னு நம்பிடறேன். பூட்டையே தூக்கிப் போட்டுடறேன்" என்பான். சத்தியமாகத்தான் சொல்கிறான். நான் பேசினால் அவன் திறப்பான். அவன் திறந்தால் நான் போய் முடித்துவிட்டுப் பேசுவேன். பேசிவிட்டு மறுபடி முதலிலிருந்து நடந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். போன தடவை பேசினேன். அதற்குப் பாப்பா பட்டதை நான் கண்ணால் பார்த்தேன். மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, தெரசா போன் பண்ணினாள். கொஞ்ச நேரம் தம்பியும் அக்காவும் மெதுவாகப் பேசினார்கள். பிறகு பாஸ்கல் ரிசீவரை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு, என் முகத்துக்கு நேரே குனிந்து நின்றான்.

"அம்மா, பாப்பா பேச ஆரம்பிச்சிட்டாம்மா. உன்னைக் கூப்பிடறா, கேளு" என்றாள் தெரசா. குட்டி மூச்சுச் சத்தம் கேட்டது. ரிசீவரை வாயில் வைத்து எச்சில் பண்ணுகிற சத்தம் கேட்டது. பிறகு தெளிவாக, "ஆயா" என்றது. சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது, பதில் வரும் என்று. மறுபடி, "ஆயா." என் தங்கமே, என் உயிரே என்று தொண்டை வரை வந்துவிட்டது. முகம் கொஞ்சம் தளர்ந்தாலும் சத்தம் வெளியே வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுவரில் இருந்த காலண்டர் மேல் வைத்து, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டேன். நீ நல்லா இருக்கணும், நீ நல்லா இருக்கணும் என்று உள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாஸ்கல் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். ரிசீவரை என் காதிலிருந்து மெல்ல எடுத்தான்.

"இல்லக்கா. மூஞ்சில ஒண்ணுமே இல்ல. பாப்பாவையே தெரியல அதுக்கு" என்றான்.

ரிசீவருக்குள் பாப்பா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.